கழற்றிப் பூட்டும் உடற்கூற்று மாதிரி: இருப்பிடம் தெளிவு, இயக்கம் பாதி

தலையும் உடற்பகுதியும் மட்டும் கொண்டு, உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து மீண்டும் பொருத்தும்படி அமைந்த பிளாஸ்டிக் உடற்கூற்று மாதிரிகள் பள்ளி ஆய்வகங்களிலும் செவிலியர் பயிற்சிக் கூடங்களிலும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. இங்கே மதிப்பிடப்படுவது அவற்றில் முழு அளவு எனப்படும் வகை. உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். மார்பின் முன்சுவர், நுரையீரல்கள், இதயம், கல்லீரல், இரைப்பை, குடல் தொகுதி, சிறுநீரகத்தின் முன்பாதி, மூளையின் பாதி, முதுகெலும்பின் ஒரு துண்டு என்று பெரும்பாலான பாகங்கள் தனித்தனியே வெளிவரும். உடலின் மண்டலங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய ஒருவருக்கு இந்த மாதிரி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அலமாரியில் நிறுத்தி அழகு பார்க்க வாங்குபவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. அதற்கு எந்த மாதிரியும் போதும்.

உறுப்புகளைக் கழற்றிக் காட்டும் யோசனை பழையது. ஃபிளாரன்ஸ் நகரில் 1775-இல் திறக்கப்பட்ட லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தின் மெழுகு உடல்கள் இன்றும் பார்ப்பவர்களை மலைக்க வைக்கின்றன. ஆனால் மெழுகை மாணவர்கள் நாள்தோறும் கையில் எடுத்துப் பழக முடியாது. பிரெஞ்சு மருத்துவரான லூயி ஓசூ 1820-களில் காகிதக்கூழில் உறுப்புகளைச் செய்து, கொக்கிகளால் மாட்டி, ஒரு குறிப்பிட்ட வரிசையில் பிரித்தெடுக்கும்படி ஒரு முழு உடலையே அமைத்தார். அறுத்துப் பார்க்கச் சடலங்கள் போதிய அளவில் கிடைக்காததும், கிடைத்தவையும் விரைவில் அழுகிப் போனதும் அவரை அந்த வழியில் செலுத்தின. இன்றைய பிளாஸ்டிக் மாதிரி அந்தப் பரம்பரையில் வந்தது. எனவே அறுவை மேசையில் கிடக்கும் உடலில் எவையெல்லாம் தெரியுமோ அவற்றை இது நன்றாகக் காட்டுகிறது. உயிருள்ள உடலில் மட்டுமே நடப்பவற்றைக் காட்டத் திணறுகிறது. இந்த மாதிரியின் நிறைகளும் குறைகளும் ஏறக்குறைய எல்லாமே இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

நிறையிலிருந்து தொடங்குவதே நியாயம். உறுப்புகளின் இருப்பிடத்தையும் அண்டை அயலையும் கற்பிப்பதில் இதற்கு இணையாகப் படமோ கணினித் திரையோ இல்லை என்றே சொல்வேன். இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால், படித்தவர்களிலும் பலர் தொப்புளைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். மார்பின் முன்சுவரை எடுத்துவிட்டுப் பார்த்தால், இரைப்பையின் பெரும்பகுதி இடது விலா எலும்புகளின் மறைவில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு நேர் கீழே ஒதுங்கியிருப்பது தெரியும். தொப்புளுக்குப் பின்னால் இருப்பவை குடலின் மடிப்புகளே. இடது நுரையீரலைக் கையில் எடுத்தால் அதன் உள்விளிம்பில் இதயத்துக்காக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்களும் இடதுக்கு இரண்டு மடல்களும் ஏன் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கல்லீரலைத் தூக்கினால், வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருப்பதன் காரணமும் கண்ணெதிரே வந்துவிடுகிறது. கழற்றும் வரிசையும் உடலின் வரிசையே: கல்லீரலை எடுக்காமல் இரைப்பையை எடுக்கப் போனால் முளை பிடித்துக்கொள்ளும், குடல் தொகுதியை எடுக்காமல் சிறுநீரகத்தைப் பார்க்கவே முடியாது. சிறுநீரகங்கள் வயிற்றறையின் பின்சுவரோடு ஒட்டி, குடல்களுக்கெல்லாம் பின்னால் இருப்பதைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத தெளிவு இந்த ஒரு செயலில் வந்துவிடுகிறது.

பாகங்களில் மிகச் சிறப்பாக அமைந்தது இதயம். நடுவே பிளந்து இரண்டு துண்டுகளாக வரும்படி செய்திருக்கிறார்கள். நான்கு அறைகளும், வால்வுகளின் இதழ்களும், அந்த இதழ்களைக் கீழறைச் சுவரோடு கட்டிவைக்கும் மெல்லிய நாண்களும் வார்ப்பிலேயே வந்திருக்கின்றன. பிளந்த முகத்தில் விரலை வைத்துப் பார்த்தால், இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனாக இருப்பது தெரிகிறது. மலிவான மாதிரிகளில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. இரண்டு கீழறைகளும் ஒரே அளவு இரத்தத்தைத்தான் வெளியேற்றுகின்றன: ஓய்வில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். வேலையின் அளவு சமமாக இருக்கச் சுவர் மட்டும் ஏன் வேறுபட வேண்டும் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்து தானாகவே வரும். வலது கீழறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அதற்குப் பாதரச அளவையில் 25 மில்லிமீட்டர் அழுத்தம் போதும். இடது கீழறையோ உச்சந்தலை முதல் கால் விரல் நுனி வரை அனுப்ப வேண்டியிருப்பதால் 120 வரை அழுத்தத்தை எழுப்புகிறது. அமைப்பைப் பார்த்தே இயக்கத்தை ஊகிக்க வைக்கும் இத்தகைய இடங்கள் இந்த மாதிரியில் சிலவே. இருக்கும் சிலவற்றில் இது முதலாவது.

வண்ணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நுரையீரல் தமனியை நீலத்திலும் நுரையீரல் சிரைகளைச் சிவப்பிலும் தீட்டியிருக்கிறார்கள்; அதுவே சரி. தமனி என்றால் இதயத்திலிருந்து வெளியே செல்லும் குழாய். அதில் ஓடும் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு எல்லாத் தமனிகளுக்கும் சிவப்பைப் பூசிய மாதிரிகளும் விற்பனையில் உண்டு. ஆனால் நீலம் என்பது வெறும் குறியீடு, சிரைகளில் ஓடுவதும் கருஞ்சிவப்பு இரத்தமே என்று உடன் வரும் கையேட்டில் ஒரு வரி சேர்த்திருந்தால், ஆண்டுதோறும் ஆசிரியர்கள் திருத்த வேண்டிய ஒரு தவறான எண்ணம் முளையிலேயே போயிருக்கும்.

இதயத்தைத் துடிக்க வைப்பது எது என்று கேட்டால் மாதிரி வாய்மூடிக்கொள்கிறது. வலது மேலறையின் சுவரில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவுக்கு ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. அந்தக் கணுவைத் தனியே விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிப்பை எழுப்பும். ஓய்வில் நம் நாடி 70-க்கு அருகே நிற்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இடைவிடாமல் அதை அடக்கிக்கொண்டிருப்பதுதான். 1921-இல் மருந்தியலாளர் ஆட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு செய்த சோதனையில், வேகஸ் நரம்பைத் தூண்டி வேகம் குறையச்செய்த முதல் இதயத்தின் திரவத்தை எடுத்து இரண்டாவதில் செலுத்தியபோது அதுவும் மெதுவாயிற்று. நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருள் வழியாகச் சொல்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. அத்தகைய நரம்பு இந்த மாதிரியில் எங்கே என்று தேடினால், கழுத்தில் தமனிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். இதயத்துக்கும், மூச்சுக்குழாய்களுக்கும், இரைப்பைக்கும், குடலின் பெரும்பகுதிக்கும் செல்ல வேண்டிய நரம்பு மார்பின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தயாரிப்பாளரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கழன்று வரும் பாகங்கள் நான்கைந்தைக் கடந்து செல்லும் ஒரு நரம்பைக் கழற்றிப் பூட்டும் மாதிரியில் செய்யவே முடியாது. ஏதோ ஓரிடத்தில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். உறுப்புகளை எடுத்துக் காட்டும் வசதிக்காக இந்த மாதிரி எங்கெல்லாம் பிரிகிறதோ, அங்கெல்லாம்தான் உயிருள்ள உடலில் குழாயும் நரம்பும் ஒன்றையொன்று தொட்டு வேலை செய்கின்றன. ஒவ்வொரு முளையும் ஒவ்வொரு காந்தமும் பதிக்கப்பட்ட இடத்தில் ஒரு இணைப்பு அறுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இதைப் பயன்படுத்தும் முறையே மாறிவிடும்.

என் பெரிய மனக்குறை கல்லீரலில் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பை மாதிரியிலும் பெரிதாகவே செய்திருக்கிறார்கள். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பினால், பச்சை நிறப் பித்தப்பையும், அதன் அருகே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று வட்டங்களும் தெரியும். சிவப்பு கல்லீரல் தமனி, பச்சை பித்தநாளம், நீலம் போர்ட்டல் சிரை. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்த நீல வட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. அது இதயத்திலிருந்து நேராக வருவதன்று, குடலையும் இரைப்பையையும் மண்ணீரலையும் கணையத்தையும் சுற்றிவிட்டு வருவது. உண்ட உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட குளுக்கோசும் அமினோ அமிலங்களும் உடலின் வேறெந்த உறுப்பையும் தொடுவதற்கு முன் கல்லீரலின் சோதனைக்கு உட்படுகின்றன. குளுக்கோசில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக்கிச் சேமித்து, நச்சாக இருப்பவற்றைச் சிதைத்து, மீதியைத்தான் பொதுச் சுற்றோட்டத்துக்குக் கல்லீரல் அனுப்புகிறது. சில மருந்துகளை விழுங்கினால் பலன் குறைவதும், அதே மருந்தை நாக்கின் அடியில் வைத்தாலோ ஊசியில் செலுத்தினாலோ சிறிய அளவே போதுமானதாக இருப்பதும் இந்தப் பாதையால்தான். செரிமான மண்டலத்தையும் சுற்றோட்ட மண்டலத்தையும் ஒன்றாகத் தைக்கும் இந்தத் தையல், மாதிரியில் ஒரு நீல வட்டமாகத் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. குடல் தொகுதியின் மேல் ஒரு சிரைகூடத் தீட்டப்படவில்லை. நரம்பை வெட்டத்தான் வேண்டியிருந்தது என்றாலும், குடலின் மேல் நான்கு நீலக் கோடுகள் வரைந்து, அவை கல்லீரலின் அந்த வட்டத்தை நோக்கிச் செல்லும்படி விட்டிருக்கலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை.

குடல் தொகுதி ஒரே கட்டியாக வருவதால், சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலும் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலும் எப்படி மடிந்து அடங்கியிருக்கின்றன என்பது மட்டுமே புலப்படும். குடல்வாலைக் காட்ட ஒரு சிறு கதவு வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் திறந்து மூடி விளையாடுவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை. உறிஞ்சும் வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலனாகாத அளவில் இருக்கும் குடலுறிஞ்சிகளும் அவற்றின் மேலுள்ள நுண்நீட்சிகளும். முழு அளவு மாதிரியில் அவற்றை எதிர்பார்ப்பது தவறு. ஆனால் உறிஞ்சும் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதை ஏற்பதற்கில்லை. பழைய பாடநூல்களில் திரும்பத் திரும்ப வந்த அந்தக் கூற்று பின்னர் நுட்பமாக அளந்து பார்த்தபோது நிற்கவில்லை; செரிமானப் பாதையின் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் என்பதே இப்போது ஏற்கப்படும் கணக்கு. அது அரை பேட்மிண்டன் மைதானத்துக்கும் குறைவு.

அதே செரிமான மண்டலத்தில் ஒரு பாகத்தைத் தயாரிப்பாளர் அருமையாகச் செய்திருக்கிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. முன்சிறுகுடல், கணையம், மண்ணீரல் மூன்றையும் ஒரே துண்டாக வார்த்து, கணையத்தின் முன்முகத்தைச் சீவி உள்ளே ஓடும் நாளத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். பித்தநாளம் மேலிருந்து இறங்கிக் கணைய நாளத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் ஒரே துளையாகத் திறக்கும் இடம், நகத்தின் நுனியளவு மேடாக, தொட்டால் உணரும்படி இருக்கிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சிறு கல் இந்த ஒரே துளையில் சிக்கினால் ஒரு பக்கம் மஞ்சள் காமாலையும் மறுபக்கம் கணைய அழற்சியும் வரக்கூடும் என்று சொல்லி, அந்த மேட்டின் மேல் மாணவர்களின் விரலை வைக்கச் சொன்னால், மேலும் விளக்கம் கேட்க ஆளிருக்காது. 1902-இல் ஆங்கில உடலியங்கியலாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்ததைச் சொல்லவும் இந்தத் துண்டே பொருத்தமானது. சிறுகுடலின் ஒரு பகுதிக்கு வரும் நரம்புகளை அறுத்துவிட்ட பிறகும், அங்கே அமிலம் பட்டவுடன் கணையம் சுரந்தது. குடலின் சுவரிலிருந்து இரத்தத்தில் கலந்த செக்ரிட்டின் என்னும் பொருளே அந்த ஆணையைக் கொண்டு சென்றது. மாதிரியில் இரண்டு உறுப்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; செய்தியோ கல்லீரல், இதயம், நுரையீரல், மீண்டும் இதயம் என்று முழுச் சுற்றும் போய்விட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

நுரையீரல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிவடிவம் சரி, ஒன்றைப் பிளந்து மூச்சுக்குழாயின் கிளைகளைக் காட்டியிருப்பதும் சரி. மூச்சு வாங்கும் செயலை மட்டும் இது கற்பிக்காது. நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. உதரவிதானம் தாழ்ந்து, விலாக்கூடு உயர்ந்து, மார்பறை பெரிதாகும்போது அதனோடு இழுபட்டுத்தான் அது விரிகிறது. ஓய்வில் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வரும் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாய்களிலேயே நின்று திரும்பிவிடுகிறது. இந்த மாதிரியில் உதரவிதானம் அசையாத தட்டு. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு பலூன்களைத் தொங்கவிட்டு அடியில் ரப்பர் தோலைக் கட்டிய பழைய கருவியே இதற்கு இன்றும் மேலானது.

சிறுநீரகத்துக்கு வருவோம். கழன்று வரும் முன்பாதி கட்டைவிரலின் நீளத்தைவிடச் சற்றுப் பெரியது. பிளந்த முகத்தில் வெளிப்புறணியும் கூம்புகளும் தெரிகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இருக்கும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்களில், அதாவது இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய அலகுகளில், ஒன்றுகூடத் தெரியப் போவதில்லை. கவனிக்க வேண்டியது சிறுநீரகத் தமனியின் தடிமன். இத்தனை சிறிய உறுப்புக்கு இவ்வளவு பெரிய குழாய் எதற்கு என்று கேட்க வைக்கும் அளவுக்கு அதைச் சரியான விகிதத்தில் வார்த்திருக்கிறார்கள். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் வடிக்கப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மீதி அனைத்தும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வடிப்பதைவிட மீட்பதுதான் இந்த உறுப்பின் பெரும்பணி என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

சிறுநீரகத்தை வைத்து வகுப்பில் நடத்தும் ஒரு பயிற்சிதான் இந்த மாதிரியை வாங்கியது வீணில்லை என்று எனக்குத் தோன்றச் செய்தது. இரத்த அழுத்தம் குறையும்போது உடல் அதை எவ்வாறு உயர்த்துகிறது என்பதை விளக்க, சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் மூன்றையும் கழற்றி மேசையின் மேல் இடைவெளி விட்டு வைக்கிறோம். சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கழலாது என்பதால் அதற்கு உடற்பகுதியையே பக்கத்தில் நிறுத்துகிறோம். சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியை விடுகிறது. கல்லீரல் முன்பே செய்து இரத்தத்தில் விட்டுவைத்திருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டி வந்த துண்டு ஆஞ்சியோடென்சின் 1. அதற்குப் பெரிய ஆற்றல் கிடையாது. நுரையீரலின் நுண்குழாய்களைக் கடக்கும்போது அங்குள்ள நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. அது தமனிகளைச் சுருக்குகிறது. அட்ரீனலின் புறணியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனை வெளியிடச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் மீண்டும் சிறுநீரகத்துக்கே வந்து, உப்பையும் அதோடு நீரையும் தேக்கிவைக்கச் சொல்கிறது. மாணவர்கள் ஒரு சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாகச் சுற்றிக் கொண்டு போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிச்சுப் போடுவார்கள். கழிவுநீக்கம், செரிமானம், சுவாசம், நாளமில்லாச் சுரப்பி என்று நான்கு வெவ்வேறு பாடங்களில் படித்த உறுப்புகள் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்கின்றன என்பதும், உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் ஒரு வகை இந்தச் சங்கிலியின் நுரையீரல் கண்ணியை ஏன் குறிவைக்கிறது என்பதும் அந்த நூலைப் பார்த்தாலே விளங்கும். உறுப்புகள் தனித்தனியே கழன்று வருவதால்தான் இந்தப் பயிற்சி இயலுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தலையின் பாதியைத் திறந்தால் வெளிவரும் மூளைத் துண்டு, மடிப்புகளும் சிறுமூளையும் முகுளமும் தெரியும்படி தெளிவாக இருக்கிறது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்பதற்குச் சாட்சியாக அதன் அடிப்பக்கத்தில் தமனிகள் வட்டமாக இணையும் இடத்தையும் தீட்டியிருக்கிறார்கள். முதுகெலும்பிலிருந்து ஒரு முள்ளெலும்பை உருவி எடுத்து, தண்டுவடமும் அதிலிருந்து இருபுறமும் கிளம்பும் நரம்பு வேர்களும் எப்படி எலும்பின் இடுக்கு வழியாக வெளியேறுகின்றன என்று பார்க்கும் வசதி, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கினால் கால்வரை வலி ஏன் ஓடுகிறது என்பதை விளக்கப் போதுமானது. நிணநீர் மண்டலம், மண்ணீரலைத் தவிர, அடியோடு இல்லை. நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தங்கும் திரவத்தை நாள்தோறும் சில லிட்டர் அளவில் திரட்டி, மார்பு நாளத்தின் வழியாக இடது கழுத்தடிச் சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு மண்டலத்தை இவ்வளவு எளிதாக விட்டுவிடுவது இந்த மாதிரிகளின் பொதுவழக்கம். அந்த ஒரு நாளத்தையாவது முதுகெலும்பின் முன்பக்கத்தில் தீட்டியிருக்க இடம் தாராளமாக இருக்கிறது. ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகளை மாற்றிப் பொருத்தும் பாகங்கள் கைநேர்த்தியோடு வந்திருக்கின்றன; அவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இனிப் பொருளின் தரம். காந்தத்தில் ஒட்டும் பாகங்கள் நன்றாகவே நிற்கின்றன. முளையில் மாட்டும் பாகங்களில், குறிப்பாக இரைப்பையில், முளை தேய்ந்து ஆடத் தொடங்குகிறது. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. எல்லோரும் பிடித்துத் தூக்கும் இடங்களில், இதயத்தின் நுனியிலும் கல்லீரலின் கூரிய விளிம்பிலும், முதலில் அது உரியும். சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் வண்ணம் பஞ்சோடு வந்துவிடும். ஈரத்துணியும் சிறிது சோப்பும் போதும். பாகங்களில் பொறித்திருக்கும் எண்கள்தாம் எரிச்சலூட்டுபவை. உணவு செல்லும் பாதையையோ இரத்தம் செல்லும் பாதையையோ பின்பற்றாமல், அச்சில் எது முதலில் வந்ததோ அந்த வரிசையில் எண்ணிட்டிருக்கிறார்கள். உணவுக்குழாயில் தொடங்கி மலக்குடல்வரை போக விரும்பும் மாணவர் கையேட்டின் பட்டியலில் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அந்த எண்களை விட்டுவிட்டு, மண்டலத்துக்கு ஒரு நிறமாகச் சிறு ஒட்டுத்தாள்களைப் பாகங்களின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டோம். கணையம் போன்ற இரட்டை வேலைக்காரர்களுக்கு இரண்டு நிறம். உதிரிபாகங்களைத் தனியே தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. ஒரு பாகம் தொலைந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை நிற்காது.

கைப்பேசிச் செயலிகள் சுழற்றியும் பெருக்கியும் காட்டும் முப்பரிமாணப் படங்கள் வந்துவிட்ட பிறகு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிணநீர் நாளங்களையும் வேகஸ் நரம்பையும் அந்தச் செயலிகள் இதைவிட நன்றாகக் காட்டும், மறுக்கவில்லை. திரையில் உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஊடுருவிச் சென்றாலும் எதுவும் தடுக்காது. கல்லீரலின் பெரும்பருமனும் கணையம் ஒளிந்திருக்கும் ஆழமும் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கே பிடிபடுகின்றன. முதலாண்டு செவிலியர் மாணவர்களுக்கும், மேல்நிலை உயிரியல் வகுப்புகளுக்கும், பிசியோதெரபி பயில்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டில் ஒரு சிறுவனுக்காக வாங்குவோருக்கு இதன் பாதி உயரத்தில் வரும் சிறிய வகையே போதும், ஆனால் அதில் இதயம் பிளந்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் வாங்கும்போது, இதோடு பெருக்கிக் காட்டிய நெஃப்ரான் மாதிரி ஒன்றையும் குடலுறிஞ்சியின் வெட்டுமுகம் ஒன்றையும் சேர்த்து வாங்கலாம்; நிதி ஒன்றுக்குத்தான் இடம் தரும் என்றால் நெஃப்ரானை எடுங்கள். குடலுறிஞ்சியைக் கரும்பலகையில் வரைந்துவிடலாம், நெஃப்ரானின் வளைவுகளையும் அவற்றைச் சுற்றிப் பின்னிய நுண்குழாய்களையும் வரைந்து புரியவைப்பது கடினம்.